சல்லடைக்குக் கீழே விழுந்தது

காலை 6.15. திருவள்ளூர்ப் பேருந்து நிலையத்தில் பெரியபாளையம் செல்லும் வண்டியில் ஏறி அமர்ந்தேன். ஐப்பசி மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்தது. நிலையத்துப் பள்ளங்களில் தேங்கிய நீரில் எண்ணெய் படர்ந்து மினுங்கியது. நடத்துநர் இருபத்தைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு, ஈரக் கையோடு சீட்டைக் கிழித்துத் தந்தார்.

இந்தப் பயணம் நானாக விரும்பி மேற்கொண்டதன்று. எங்கள் அடுத்த வீட்டில் வழக்குரைஞர் ஒருவர் குடியிருக்கிறார். நான் கஞ்சாச் செடியின் வரலாற்றை ஓர் இதழில் தொடராக எழுதிவருவதை அறிந்தவர். முன்தினம் மாலை மதிற்சுவருக்கு அப்பால் நின்று என்னை அழைத்தார்.

"சார், என் கட்சிக்காரன் ஒருத்தன் புழல் ஜெயில்ல இருக்கான். ஜெபராஜ்னு பேரு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல கஞ்சா விதை ஆட்டுற எண்ணெய் மில்லுல வேலை. மில்லுல கூட்டின குப்பைய ஒரு சாக்குல கட்டி, வளக்குற புறாவுக்குத் தீனின்னு இரவல் வண்டி ஒண்ணுல வெச்சுக் கொண்டுபோயிருக்கான். வழியில புடிச்சுட்டாங்க. அடுத்த வாரம் ஜாமீன் மனு வருது. அந்தக் குப்பை வெறும் விதைதானா, வேற என்ன கலந்திருக்கு, எப்படிக் கலக்குது, இதையெல்லாம் நேர்ல பாத்து எனக்குச் சொல்லணும். எனக்கு அந்தச் செடியில எது தலை, எது வால்னே தெரியாது."

வழக்கின் முடிச்சை அவரே விளக்கினார். நம் நாட்டுச் சட்டம் அச்செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளையே கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத விதையும் இலையும் அவ்வரையறைக்குள் வருவதில்லை. வடநாட்டில் இலையை அரைத்த பாங்கு உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுவது இதனால்தான். ஆனால் விதையோடு பூவின் துகள் சிறிதளவு கலந்திருந்தாலும் கலவை முழுவதையும் கஞ்சா என்றே எடைபோட வேண்டும் என்று அரசுத்தரப்பு வாதிடும். சாக்கின் எடை இருபத்திரண்டு கிலோ. இருபது கிலோவைக் கடந்தால் அது வணிக அளவு. அதன்பின் பிணை கிடைப்பது அரிதினும் அரிது.

இக்கட்டுரையில் வருவோரின் பெயர்களையும் அவர்கள் குடியிருப்பின் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது படித்து முடிக்கையில் விளங்கும்.

வண்டி தாமரைப்பாக்கத்தைக் கடக்கும்போது தூறல் மீண்டும் தொடங்கியது. சன்னலின் தகரத் திரையை இறக்கிவிட்டு, தொடருக்காகத் திரட்டிய செய்திகளை மனத்துள் புரட்டிக்கொண்டிருந்தேன். எல்லோராக் குடைவரைகளில் ஓவியத்துக்கு அடியிலுள்ள பூச்சில் இச்செடியின் தண்டுத் துணுக்குகள் கலந்திருக்கின்றன. பூச்சியும் ஈரமும் அரிக்காதபடி அவை பூச்சைக் காத்து வந்தன என்கிறார்கள் ஆய்ந்தோர். இம்மாவட்டத்தின் கடலோரத்தில், பழவேற்காட்டில், கோட்டை கட்டி வாணிகம் செய்த டச்சுக்காரர்களின் கப்பல்களுக்குப் பாயும் கயிறும் இதே செடியின் நாரால் ஆனவை. நம் சித்த மருத்துவர்கள் இலையைப் பலமுறை கழுவித் தூய்மைசெய்து இலேகியங்களில் சேர்த்தார்கள். விடுதலைக்குப் பின்னும் பல்லாண்டுகள் இந்நாட்டின் பல பகுதிகளில் அரசு உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்றது. எண்பதுகளின் நடுவில் வந்த சட்டமே நாடு முழுவதும் அதைக் குற்றமாக்கியது.

இவற்றையெல்லாம் எழுதியபோது எனக்கு வியப்பு மட்டுமே இருந்தது. புழலில் ஒருவன் படுத்திருக்கிறான் என்று கேட்டபின் அவ்வியப்பு தங்கவில்லை.

காலை 7.25. பெரியபாளையம். ஞாயிறு அல்லாத நாளிலும் பவானி அம்மன் கோயில் வாயிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வேப்பிலையை ஆடையாகச் சுற்றிக்கொண்ட பெண்கள் மூவர், ஈரம் சொட்டச் சொட்ட வலம் வந்துகொண்டிருந்தனர். வேப்பங்கொத்து விற்கும் மூதாட்டி ஒருத்தி, பேருந்து நிறுத்தத்தில் என்னை மறித்தாள்.

"இன்னா நைனா, வேண்டுதலா? கொத்து இருவது ரூபாதான்."

"இல்லையம்மா. வண்டி மாற இறங்கினேன்."

"வண்டி மாற எறங்குனவனும் ஆத்தாவுக்கு ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் போவான். நீ நாஷ்டா மட்டும் துன்னுட்டுப் போறே. போ, போ. திரும்பி இந்த வழியாத்தான வருவே!"

அவள் சொன்னதுபோலவே இரண்டு இட்டிலி தின்றுவிட்டு, ஆரணி வழியாகப் புதுவாயல் செல்லும் பேருந்தில் ஏறினேன். நெல் வயல்களும் செங்கல் சூளைகளும் மாறிமாறி வந்தன. சூளைகள் மழையில் அணைந்து, பாதி வெந்த கற்களோடு நின்றன.

காலை 9.10. புதுவாயலில் நெடுஞ்சாலையை அடைந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் சென்றேன். முப்பது ரூபாய். உடன் வந்தவர்களில் நால்வர் ஒடிசாவிலிருந்து வந்த இளந்தொழிலாளர். இரும்பு உருக்கும் ஆலையில் இரவுப்பணி முடிப்போரை மாற்றிவிடச் செல்பவர்கள். ஓட்டுநர் நான் எந்த ஆலைக்குப் போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"கஞ்சா எண்ண கம்பெனியா? சார், ஒரு டவுட்டு. அந்த எண்ணைய தலைக்கு வெச்சா ஏறுமா?"

"ஏறாது. விதையில் போதை இல்லை."

"அப்பறம் இன்னாத்துக்கு சார் அந்த ஜெபாவ தூக்கினு போனாங்க? நம்ம வண்டியிலதான் டெய்லி போவான். ஊர்ல எவன் எவனோ டப்பு பாத்துனு ஜாலியா சுத்தினுகீறான். புறாவுக்குத் தீனி எடுத்தவன் உள்ள கீறான். பேஜாரு சார்."

சிப்காட்டின் உட்சாலையில் இருபுறமும் ஆலைகள். புகைபோக்கிகளின் கரும்புகை மழைக்காற்றில் மேலெழ இயலாமல் கூரைகளின்மீதே படுத்துக் கிடந்தது. இலைகளில் கரி. சாலையோரக் கடையின் தண்ணீர்க்குடங்களுக்கு மேல் கரி படியாதிருக்க நெகிழித்தாள் கட்டியிருந்தார்கள்.

எண்ணெய் ஆலை சிறியது. மேலாளர் நாற்பது வயதுக்கு உட்பட்டவர். நான் ஒரு தொடர் எழுதுபவன் என்று அறிந்திருந்ததால் மகிழ்வோடு சுற்றிக்காட்டினார். விதை இமயமலைச் சரிவுகளிலிருந்து வருகிறது. அங்கு உரிமம் பெற்றுப் பயிரிடுகிறார்கள்; அம்மலைவாழ் மக்கள் அதை வறுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்துத் துவையல் அரைத்து உண்பது நெடுங்கால வழக்கம். இங்கே அது செக்கில் நசுங்கிப் பாசிநிற எண்ணெயாக வடிகிறது. முகப்பூச்சுக்கும் உணவுக்கும் பெருநகரங்களுக்குச் செல்கிறது. ஒரு சொட்டை நாவில் வைத்துப் பார்த்தேன். முந்திரியும் பச்சைப்புல்லும் கலந்ததுபோன்ற சுவை.

செக்குக்கு முன் சல்லடை. ஆள் உயர இரும்புச் சட்டத்தில் பெரிய சல்லடை ஒன்று அதிர்ந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து வந்த சாக்குகளை அதில் கவிழ்த்தால் நல்ல விதை மேலே தங்கி முன்னோக்கி நகர்கிறது. நொய்விதையும் மண்ணும் தூசியும் கீழே விழுகின்றன. குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். உடைந்த விதைகளுக்கு இடையே பழுப்புப் பச்சையில் சிறுசிறு துகள்கள் இருந்தன, விரலில் ஒட்டின. விதையைப் பொதிந்திருக்கும் பூவுறையின் நொறுங்கல்கள் அவை. சட்டம் நுனி என்று சொல்வதன் பகுதிதான்.

விதை பிடித்த பூவில் போதை மிகக் குறைவு. அந்நாளில் வங்காளத்துக் கஞ்சா வயல்களில், பூ விதை பிடித்துவிடக் கூடாது என்பதற்காக ஆண்செடிகளைக் களைவதையே தொழிலாகக் கொண்டோர் இருந்தனர். போதை தேடுபவன் எட்டி உதைக்கும் குப்பை இது. ஆயினும் தராசு போதையை நிறுப்பதில்லை.

"இந்தக் கழிவை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எரிச்சிடுவோம் சார். ஒரு துளி வெளிய போகாது."

சல்லடைக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பகல் 11.30. ஆலைக்கு எதிரே தேநீர்க்கடை. தேநீர் பத்து ரூபாய். இடைவேளையில் அதே பெண் அங்கு வந்தாள். பெயர் சகுந்தலா, ஆலையில் பெருக்கும் வேலை. மேலாளர் சொன்னதை நான் எடுத்துரைத்ததும் சிரித்துவிட்டாள்.

"எரிக்கிறாங்களா? எங்க சார் எரிச்சாங்க? அடுப்பு எங்க கீதுன்னு கேட்டியா நீ? சல்லடைக்குக் கீழ வுழுந்தது கூட்டுறவங்களுக்கு. இது இன்னிக்கி நேத்து பழக்கமா? நான் செங்குன்றத்துல நெல்லு மில்லுல இருந்தேன், அங்கயும் இதான். எங்க அம்மா களத்துல வேல செஞ்சா, அங்கயும் இதான். செதறுனத மொதலாளி கேக்க மாட்டான், நாங்களும் அளந்து காட்ட மாட்டோம்."

"நீங்களும் எடுத்துப் போவதுண்டா?"

"என் கோழிக்கு எடுத்துனுதான் போனேன். நல்லா முட்ட வெச்சிச்சி. ஜெபா புறாவுக்குக் கேட்டான்னு நானும் ரெண்டு வாரம் எனுக்கு வேணான்னு சேத்து வெச்சேன். அதான் அவன் சாக்கு அம்மாம் பெருசு ஆயிட்ச்சி."

அவள் சொன்னதன் கனம் அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். அவளுடைய பங்கு சேராதிருந்தால் அந்தச் சாக்கு இருபது கிலோவைத் தொட்டிருக்காது.

"இந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் சொல்ல வருவீர்களா? அவர் திருடவில்லை, விற்கவில்லை, எல்லாரும் எடுப்பதைத்தான் எடுத்தார் என்று ஒருவர் சொன்னால் போதும்."

"நானும் எடுத்தேன்னு சொல்லணும். சொன்னா, அடுத்து எனுக்கு புழல். எனுக்கு ரெண்டு பொண்ணு சார். மேனேசரு எரிக்கிறோம்னு போலீசுக்கு எழுதிக் குடுத்துட்டாரு. இனிமே எவளும் வாயத் தொறக்க மாட்டா." எழுந்தவள் நின்று சொன்னாள்: "ஜெபா பொண்டாட்டி கலாவ பாக்கப் போறியா? நான் கேட்டதா சொல்லாத. மூஞ்ச எங்க வெச்சிக்கறது?"

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய அரசு இச்செடியைப் பற்றி ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. உழவர், மருத்துவர், துறவியர், அதிகாரிகள் என ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதன்முன் தாம் அறிந்ததை உரைத்தனர். அளவோடு பயன்படுத்துவதால் பெருங்கேடு இல்லை என்று ஆணையம் முடிவுரைத்தது. இன்று ஒருவன் பிணைக்கு ஒரே ஒரு சாட்சி வேண்டும். அது கும்மிடிப்பூண்டியில் இல்லை.

பிற்பகல் 1.45. தொடர்வண்டியில் ஒரு நிலையம் தெற்கே வந்து, கவரைப்பேட்டையில் இறங்கி, வழக்குரைஞர் தந்திருந்த முகவரியைத் தேடிக் கிழக்கே நடந்தேன். முன்பு பண்ணைகளில் கூலி வேலை செய்து, இப்போது ஆலைகளுக்குச் செல்லும் குடும்பங்களின் குடியிருப்பு. ஒரு சிறு தேவாலயம். அதன் ஒலிபெருக்கியின் வாயில் மழை படாதிருக்கச் சாக்கு சுற்றியிருந்தது. ஜெபராஜின் மனைவி கலா, இறால் பதனிடும் ஆலையில் வேலைசெய்பவள். அன்று விடுப்பில் இருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கல்நார்க் கூரைக்கு மேலே மரச்சட்டமும் கம்பிவலையும் அடித்த புறாக்கூடு தெரிந்தது.

"எல்லாம் ஹோமரு சார். பந்தயப் புறா. நெல்லூருல கொண்டுபோய் உட்டாலும் மத்தியானத்துக்குள்ள ஊட்டுல நிக்கும். எனுக்கு தனியா பாத்துக்க முடில, வித்துட்டேன். வித்ததுல நாலு திரும்பி வந்துட்ச்சி. வாங்குன வியாசர்பாடி ஆளு வந்து, 'இன்னாம்மா, வித்துட்டு விசிலு அடிச்சி கூப்ட்டுக்கிறியா'ன்னு ஒரே சண்ட. புடிச்சினு போனான். நேத்து மறுபடியும் ரெண்டு வந்து குந்திகீது."

சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரை எப்படிப் பிடித்தார்கள், அம்மா?"

"ரோட்ல நிறுத்தி, சாக்குல இன்னாடான்னு கேட்டுகீறாங்க. இந்த மனுசன் சிரிச்சினே, 'கஞ்சா வெத சார், புறாவுக்கு'ன்னு சொல்லிகீறாரு. கம்பெனில எல்லாரும் இது சட்டப்படி சரின்னு சொல்லிக்கினாங்களாம், அந்த தைரியம். கம்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவுத்துக்கூட பாத்திருக்க மாட்டாங்க. ஜெயில்ல மனு போட்டு பாக்கப் போனா, அங்கயும் மொத கேள்வி புறா துன்னுச்சா. நான் துன்னேனான்னு கேக்கல."

வீட்டில் அந்தத் தீனி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தால் கலவையின் தன்மையை வழக்குரைஞருக்கு விளக்க உதவும் என்று எண்ணினேன். காவலர்கள் வந்து தேடியபோதே இருந்ததை அள்ளிச் சென்றுவிட்டார்கள் என்றாள். கூட்டைப் பெருக்கிய எச்சத்தைக் கொல்லையில் கொட்டுவதாகச் சொல்லிப் பின்பக்கம் அழைத்துச் சென்றாள்.

வாய்க்கால் ஓரம் துத்தியும் ஆமணக்கும் மழையில் மண்டிக் கிடந்தன. அவற்றின் நடுவே, புறா எச்சத்தின் உரத்தில், முழங்கால் உயரத்துக்கு வேறொரு செடி கூட்டமாக நின்றது. விரித்த கைபோன்ற இலை. விரல்களின் ஓரம் முழுதும் அரம்போன்ற பற்கள். நூற்றுக்கணக்கான படங்களில் பார்த்துத் தொடரில் எழுதிய செடியை நான் உயிரோடு கண்டது அன்றுதான்.

"இந்தச் செடி என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?"

"வேளக்கீரதான சார்? அப்பிடித்தான் நெனச்சேன். ஒரு நாளு கொழம்புக்கு ஆஞ்சிகூட பாத்தேன். வாட ஒரு மாதிரி இருந்துச்சி, கொட்டிட்டேன்."

சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, முதலில் வலப்பக்க வீட்டையும் பிறகு இடப்பக்க வீட்டையும் பார்த்தாள். பின் அப்படியே ஈரத்தில் குந்தினாள். நெடுநேரம் செடியையே பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம் மெல்லத் தெளிந்தது.

"சார். இத்த வக்கீலு மூலமா ஜட்ஜி கிட்ட காட்டலாம்ல? பாருங்க, அவரு கொணாந்தது வெதைதான், அதான் மொளச்சிகீது, புறா எச்சத்துல மொளச்சிகீது, புறாவுக்குத்தான் போட்டோம்னு? இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

அவள் சொன்னதில் பிழையில்லை. எவரும் சொல்ல வராத உண்மையை அச்செடிகள் சொல்லிக்கொண்டு நின்றன. ஆனால் அச்செடியை வளர்ப்பதும் குற்றம், பத்தாண்டுவரை சிறை. தானாக முளைத்தது என்பதை நிறுவும் சுமை இவள் தலையில் விழும். கணவனுக்குச் சாட்சியாகக் காட்டினால் மனைவிக்கு வழக்காகும். இதை எத்தனை மென்மையான சொற்களில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். சொன்னேன்.

அவள் எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் செடியைப் பற்றிப் பிடுங்கினாள். நானும் குனிந்தேன். மழையில் நனைந்த மண் வேரை எளிதில் விட்டது. எரித்தால் மணம் ஊரைக் கூட்டும். வாய்க்காலில் விட்டால் அடுத்த மடையில் தங்கும். கடைசியில் ஆமணக்கின் அடியில் குழி தோண்டிப் போட்டு, மேலே புறா எச்சத்தைக் கொட்டி மிதித்தாள். கூட்டின் விளிம்பில் திரும்பி வந்த இரண்டு புறாக்களும் எச்சம் கொட்டும் ஓசை கேட்டுத் தீனி என்று எண்ணிச் சிறகடித்து இறங்கின.

"போங்க, போங்க. உங்குளுக்காகத்தான் எல்லாம்," என்று கையை வீசினாள். அவை போகவில்லை.

வாசல்வரை வந்தபோது கேட்டாள்: "வக்கீலு கிட்ட இத்த சொல்லுவீங்களா சார்?"

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"நான் இன்னா சொல்றது. நீங்க படிச்சவங்க." தண்ணீர்க்குடத்தைக் காட்டி, "கைய நல்லா கழுவிட்டுப் போங்க. வாட அடிக்குது," என்றாள்.

மாலை 5.40. மீண்டும் பெரியபாளையம். கலா வீட்டிலும் கவரைப்பேட்டை நிலையத்திலும் கழுவியும் விரல்களில் பிசினும் மணமும் போகவில்லை. புதுவாயலில் சாலைத்தடுப்பருகே காவலர் இருவர் எங்கள் பேருந்தில் ஏறிப் பைகளைத் தட்டிப் பார்த்தனர். என் பையைத் தொடவில்லை. கண்ணாடியும் வெள்ளைச் சட்டையும் அணிந்தவனிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. நான் இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

காலையில் கண்ட மூதாட்டி அதே இடத்தில் இருந்தாள். குழாயடியில் நான் கைகளை மாறிமாறித் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னா நைனா, பயவேற்காடு மீனா? சோப்புக்கெல்லாம் போவாது. இந்தா, இத்த கசக்கித் தேய்." கொத்திலிருந்து ஒரு பிடி வேப்பிலையை உருவித் தந்தாள். பணம் நீட்டினேன். "வேணாம் போ. காத்தாலயே வாங்கியிருந்தா ஆத்தா பாத்துக்கினு இருந்திருப்பா," என்றாள்.

இரவு 7.30. திருவள்ளூர். எங்கள் தெருவில் மின்சாரம் இருந்தது. வீட்டுக் கொல்லையில் மழைக்குப் பல செடிகள் முளைத்திருக்கும். அவை இன்னவென்று நான் அறியேன். அறிந்துகொள்ளும்படி என்னை இதுவரை எவரும் அச்சுறுத்தியதில்லை.

மதிற்சுவருக்கு அப்பால் வழக்குரைஞர் காத்திருந்தார். சல்லடையைப் பற்றி, ஒட்டும் துகள்களைப் பற்றி, நெல் ஆலைகளிலிருந்து வந்த வழக்கத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாராவது வந்து சொல்வாங்களா?"

"வரமாட்டார்கள்."

"அப்ப கஷ்டம்தான் சார்." பெருமூச்செறிந்தார். "வீட்டுல ஏதாவது கிடைச்சுதா? நமக்குச் சாதகமா?"

சுவரின்மேல் வைத்திருந்த கைகளை எடுத்துக்கொண்டேன். வேம்பின் கசப்பு மணந்தது. அதற்கு அடியில் மற்றதும் இருந்தது.

"இரண்டு புறாக்கள் இருந்தன," என்றேன். "விற்றவை. திரும்பி வந்திருக்கின்றன."